மூட்டை தூக்காதவரின் சரித்திரம்

ஒட்டன்சத்திரத்தில் கடல் கிடையாது. மலைப்பக்கம் பரப்பலாறு அணை இருக்கிறது. அதில் கப்பல் விடுவதென்றால் முதலில் தண்ணீர் விட வேண்டும். தூத்துக்குடித் துறைமுகம் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இருந்தாலும், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகத்தைப் பற்றிப் பேச எங்களைவிடத் தகுதியானவர்கள் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கட்சி. சாயங்காலம் காந்தி காய்கறி மார்க்கெட்டுக்கு வந்து பாருங்கள். ஒரு லாரிக்கு லோடு ஏறும்போது தூக்குகிறவர்கள் நாலு பேர் என்றால், "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி அடுக்குப்பா" என்கிறவர்கள் எட்டுப் பேர். டிரைவர், கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை, வியாபாரி, வியாபாரியின் மச்சான், டீ கிளாஸோடு சும்மா வந்து நின்றவர் என்று ஒரு நிர்வாகக் குழுவே கூடிவிடும். இவர்களில் ஒருவருக்கு ஹெல்மெட் மாட்டி, ஒளிரும் சட்டை போட்டு, கையில் வாக்கி டாக்கி கொடுத்து, மாதச் சம்பளமும் போட்டால் அவர்தான் கண்டெய்னர் முனையத்தின் கப்பல் சூப்பர்வைசர்.

எங்கள் மார்க்கெட் காயில் பெரும்பங்கு கேரளாவுக்குப் போகிறது. போய்வந்த லாரிக்காரர்கள் வெகுகாலம் வியந்து வியந்து சொன்ன சங்கதி நோக்குகூலி. சரக்கை உங்கள் ஆளே இறக்கலாம், இயந்திரமே இறக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்த சங்கத்து ஆளுக்குக் கூலி வைத்துவிட வேண்டும். கேரள அரசு 2018 மே 1 முதல் இதை ஒழிப்பதாக அறிவித்தது. பார்க்கிறவனின் கூலியைப் பறிக்கத் தொழிலாளர் தினத்தையே தேர்ந்தெடுத்த குறும்பை என்னவென்று சொல்வது! எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமே இல்லை. உலகக் கடல் வாணிபத்தின் சரித்திரத்தை எந்தப் பக்கத்தில் பிரித்தாலும், தூக்கினவனைவிடப் பார்த்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கிடைத்திருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து ஆரம்பிப்போம். பட்டினப்பாலை சொல்லும் துறைமுகத்தில் கடலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கடலுக்கும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கிறது; அதிகாரிகள் புலிச் சின்னம் குத்திக் குத்தி வெளியே அனுப்புகிறார்கள். அந்தச் சுங்க அதிகாரிகள் சூரியனின் தேர்க்குதிரைகளைப் போலச் சோம்பலே இல்லாமல் வேலை பார்த்தார்களாம். சுங்க இலாகாவை வேகத்துக்காகக் குதிரையோடு ஒப்பிட்ட கவிஞர், எனக்குத் தெரிந்து, கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒருவர்தான். அவருக்குக் கரிகாலன் அள்ளிக் கொடுத்ததாகக் கதை. கொடுக்கத்தான் வேண்டும். அந்த மூட்டைகளைத் தலையில் தூக்கியவர்களுக்கு என்ன கொடுத்தான் என்று கதை எதுவும் இல்லை.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதே ஊரில் வெள்ளிடை மன்றம் என்று ஓர் இடம். வெளியூர் வியாபாரிகளின் பொதிகள், பெயரும் கணக்கும் குறித்தபடி, பூட்டும் இல்லாமல் காவலும் இல்லாமல் குவிந்து கிடக்கும். எவனாவது ஒன்றைக் கிளப்பினால், அந்த மன்றமே பொதியை அவன் தலையில் ஏற்றி, கழுத்து நோகச் சுற்ற வைக்குமாம். திருடனுக்குக் கொடுத்த தண்டனை என்ன என்று கவனியுங்கள்: மூட்டை தூக்குவது! மற்றவன் தினமும் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலை இவனுக்குத் தண்டனை. மேற்பார்வையாளரோ கண்ணுக்கே தெரியாதவர். சம்பளம் இல்லை, ஓவர்டைம் இல்லை, டீ பிரேக் இல்லை. இன்றைய முனைய நிர்வாகிகள் கனவு காணும் ஊழியர் அவர்தான்.

நம் பக்கத்துக் கதையென்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வியன்னாவில் ஒரு சாட்சி இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஏடு ஒன்று, 1985-ல் அச்சுக்கு வந்தது. சேரநாட்டு முசிறியோடு நடந்த வியாபாரத்துக்கான கடன் பத்திரம் ஒரு பக்கம். மறுபக்கம் ஹெர்மபோல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கங்கைக்கரைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, அப்புறம் யானைத் தந்தம். பெட்டி எண்ணிக்கை போட்டு, மதிப்புப் போட்டு, வரி கழித்து எழுதியிருக்கிறான். கடன் வாங்கினவன் கொடுக்கும் வாக்குறுதி முழுக்க, சரக்கு எங்கெங்கே யாருடைய முத்திரையின் கீழ் இருக்கும் என்பதைப் பற்றித்தான். ஒட்டகக்காரருக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. முசிறியில் பெட்டியைத் தோளில் சுமந்து கப்பல்வரை கொண்டுபோனவன் மட்டும் பத்திரத்தில் இல்லை. சீல் வைத்தவன் சரித்திரத்தில் இடம் பிடித்தான். சுமந்தவன் தோளில் தழும்பு பிடித்தான்.

அடுத்து சென்னை. 1639-ல் பிரான்சிஸ் டே என்ற கம்பெனிக்காரர், கிழக்குக் கரை முழுக்க இடம் பார்த்து, துறைமுகத்துக்கான ஒரு லட்சணமும் இல்லாத மணல் கரையைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் சாந்தோமில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், அதனால்தான் என்று அந்தக் காலத்திலேயே கம்பெனி வட்டாரத்தில் வதந்தி. உண்மையோ பொய்யோ, அந்த முடிவுக்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் சென்னையில் இறங்கிய ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு துரையும் நனைந்துதான் கரை சேர்ந்தார்கள். கப்பல் அலைக்கு வெளியே நங்கூரம் போடும். நடுவில் மசூலா படகு. ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை தூக்கிப் போட்டால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதில் ஏறி வந்த வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது: நடு அலையில் படகோட்டிகள் துடுப்பை நிறுத்திவிட்டு இனாம் கேட்டார்களாம். சரக்கு ஏற்றி இறக்கும் வரலாற்றில் தூக்குகிறவன் கை ஓங்கியிருந்த அபூர்வமான இடம் அந்த அலைகளின் நடுவேதான். கரையில் மாஸ்டர் அட்டெண்டன்ட் என்று ஓர் அதிகாரி இருந்தார். கடல் மோசமானால் கொடியேற்றி எச்சரிக்கை செய்வது அவர் ஆபீஸ் வேலை. நடு அலையில் துரை பையைத் தடவிக்கொண்டிருந்தால், கொடிக்கம்பத்தடியில் நிற்கிறவர் என்ன செய்ய முடியும்?

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் 1861-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் நீட்டினார்கள். புயலில் அறுந்துவந்த கப்பல்கள் அதை இடித்துப் பதம் பார்த்தன. பிறகு கல்லைக் கொட்டித் துறைமுகமே கட்டினார்கள். முடியப்போகிற நேரத்தில் 1881 நவம்பர் புயல் வந்து தூக்கி எறிந்தது. மறுபடி கட்டினார்கள், கிழக்கே வைத்த வாசலில் மணல் சேர்ந்தது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் வாசலை வடகிழக்குக்கு மாற்றினார். ஒரு பிரான்சிஸ் செய்துவைத்த வேலையைச் சரிசெய்ய இன்னொரு பிரான்சிஸ் வர 265 வருஷம் ஆயிற்று.

தூத்துக்குடியில் கடல் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் மைல்கணக்கில் வெளியே நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும். தோணியின் தலைவர் தண்டல். பாய், காற்று, சரக்கு, கூலி எல்லாம் அவர் வாய்க்கணக்கு. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, மறுவருஷம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆயிரத்துக்கு மேல் ஆட்களும் 4,000 மூட்டையும் ஏற்றும் கப்பல்கள் என்பார்கள். எதிர்த்தரப்பு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது. சூரியன் மறையாத சாம்ராஜ்யம், தன் வெயிலுக்குத் தானே குடை கொடுத்த இடம் தூத்துக்குடி! ஜனங்கள் அதற்கும் மசியாததால், 1908-ல் அரசாங்கத்தார் வ.உ.சி. மீது வழக்குப் போட்டு இரண்டு ஆயுள் தண்டனை, ஒன்றன்பின் ஒன்றாக 40 வருஷம் என்று தீர்ப்பு வாங்கினார்கள். மேல்முறையீட்டில் குறைந்தது. கப்பலில் சரக்கு ஏற்றியவரைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள்; அவருடைய கப்பல் அதே போட்டிக் கம்பெனிக்கு விலைபோனது. இதைச் சிரிப்பாக எழுத எனக்குத் தெரியவில்லை; குடையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் பழனி மலைக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலை போடும்வரை, சமவெளியில் வெயில் தாங்காதவர்கள் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்துக்கு வந்து, நாற்காலியிலோ டோலியிலோ உட்கார்ந்து, ஆட்கள் தோளில் மலையேறினார்கள். உலகிலேயே தன்னை ஏற்றுவதைத் தானே மேற்பார்வை பார்த்து, வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கத்திய ஒரே சரக்கு அதுதான். மேலே போய்ச் சேர்ந்ததும், காற்று எவ்வளவு சுத்தம் என்று ஊருக்குக் கடிதம் எழுதியது. தூக்கி வந்தவன் அந்தக் காற்றைத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கிக்கொண்டிருந்தான்.

கொச்சிக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். மட்டாஞ்சேரியில் சாப்பா முறை என்று ஒன்று இருந்தது. காலையில் வேலைக்குக் கூட்டம் கூடும். முதலாளியின் ஆளான மூப்பன், அன்றைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அடித்துப் பிடித்துப் பொறுக்கினவனுக்கு வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. மேற்பார்வை என்பதன் கடைசி எல்லை இதுதான்: தூக்குவதற்கு முன்னாலேயே சண்டைபோட வைத்து வேடிக்கை பார்ப்பது. எதிர்த்துப் போராடியவர்கள் மீது 1953 செப்டம்பர் 15-ல் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் மூன்று பேர் உயிர் போனது. 2023-ல் ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' படம் இதைப் பற்றியதுதான். பார்க்கிறவனுக்கும் கூலி வேண்டும் என்று அந்த மண்ணில் பின்னால் ஒரு சங்கம் அடம்பிடித்ததென்றால், அந்த அடம் எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்கலாம். லாரிக்காரர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இனி கதாநாயகன் வருகிறார். கப்பல்காரர் அல்ல, லாரிக்காரர்! மால்கம் மெக்லீன், அமெரிக்காவின் வடகரோலினாக்காரர். 1937-ல் பருத்திப் பேல் ஏற்றிக்கொண்டு ஹோபோக்கன் துறைமுகத்துக்குப் போனாராம். ஒவ்வொரு பேலாக இறக்கும்வரை நாள் முழுக்க லாரியில் உட்கார்ந்திருந்தாராம். லாரியோட பெட்டியை அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று தோன்றியதாம். இது அவரே பின்னாளில் சொன்ன கதை. சரித்திரக்காரர்கள் முழுசாக நம்பவில்லை. நான் நம்புகிறேன். லோடுமேன் வரும்வரை லாரியில் காத்திருக்கும் டிரைவருக்கு என்னென்ன யோசனை வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அச்சில் ஏறாத யோசனைகள். அதில் ஒன்று எப்படியோ தப்பி நாகரிகமாக வெளிவந்திருக்கிறது.

அதற்கு முன்னால் கப்பல் ஏற்றுவது எப்படி இருந்தது? 1954-ல் வாரியர் என்ற ஒரே கப்பலை ஆராய்ந்து கணக்கெடுத்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனிக்குப் போன அதில் 1,94,582 தனித்தனிச் சாமான்கள். மூட்டை, பீப்பாய், பெட்டி, கட்டு, வண்டி. ஒவ்வொன்றையும் எண்ணி எழுத டாலி கிளார்க், குழுவுக்கொரு ஃபோர்மேன், அடுக்கும்போது வழியில் காணாமல்போகும் விஸ்கிக்குத் தனிக் கணக்கு. 1956 ஏப்ரல் 26-ல் மெக்லீன், ஐடியல் எக்ஸ் என்ற பழைய டேங்கர் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை வைத்து நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். டன்னுக்குக் கிட்டத்தட்ட ஆறு டாலர் ஆகிக்கொண்டிருந்த ஏற்றுகூலி, பதினாறு சென்ட்டுக்குள் அடங்கியது. பாதி உலகத்தின் மூட்டை தூக்கிகளுக்கு அன்றைக்கு வேலை போனது. செய்தி ஊர் ஊராகப் போய்ச் சேர வருஷங்கள் ஆயின. கண்டெய்னர் கப்பல் 1973-ல் இந்தியாவுக்கு வந்தது, கொச்சிக்கு. சாப்பா வீசிய அதே துறைமுகத்துக்கு! 1983-ல் சென்னையில் இதற்கென்றே தனி முனையம் திறந்தார்கள். 1974-ல் பெரிய துறைமுகமான தூத்துக்குடியில் 1999-ல் சிங்கப்பூர்க்காரர்களின் கூட்டு முனையம் வந்தது.

தூக்குகிறவர்கள் போனார்கள். பார்க்கிறவர் போனாரா? அவருக்குத்தான் புரமோஷன்.

பழைய ஃபோர்மேனிடம் விசில் இருந்தது. இன்றைய சூப்பர்வைசர் கையில் ஒரு வரைபடம். அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இலக்க விலாசம்: முதல் இரண்டு எண் கப்பலின் நீளவாக்கில் எந்த இடம், அடுத்த இரண்டு குறுக்குவாக்கில் எந்த வரிசை, கடைசி இரண்டு எத்தனையாவது அடுக்கு. அடுக்கு 82 என்றால் தளத்துக்கு மேலே முதல் பெட்டி. 02 என்றால் அடிவயிற்றில் முதல் பெட்டி. கனமானது கீழே, லேசானது மேலே. கடைசித் துறைமுகத்துச் சரக்கு அடியில், முதல் துறைமுகத்துச் சரக்கு மேலே. தீப்பிடிக்கிற ரசாயனம் ஒரு மூலையில், அதனோடு சேரக்கூடாத இன்னொன்று எதிர் மூலையில். இறால் வைத்த குளிர்ப்பெட்டி மின் இணைப்புக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் சாய்ந்துவிடாதபடி இரண்டு பக்கமும் எடை சமம். இந்த விதிகளில் ஏதாவது இரண்டு எப்போதும் முட்டிக்கொள்ளும்.

ஒட்டன்சத்திரத்துக்காரனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் என்று மூன்று ஊருக்கு லோடு போகிற லாரியில் எர்ணாகுளத்துச் சரக்கு கேபினை ஒட்டி உள்ளே. பாலக்காட்டுச் சரக்கு கதவோரம். வெங்காயம் அடியில், தக்காளி மேலே. முருங்கைக்காய்க் கட்டை எங்கே வைத்தாலும் வியாபாரி, "அண்ணே, ஒடிஞ்சிரும்ணே" என்பார். எர்ணாகுளத்துக்காரர் வெறும் தக்காளி மட்டும் வாங்கியிருந்தால் மேற்படி எட்டுப் பேரும் கூடி ஒரு தீர்வு சொல்வார்கள். லோடுமேன் யார் சொன்னதையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு அடுக்குவார். அதுதான் சரியாக இருக்கும். கப்பலில் அந்த லோடுமேன் இடத்தில் சீஃப் ஆபீசர் இருக்கிறார். முனையத்துக்காரர் தயார்செய்த திட்டத்தைப் பார்த்து, "இந்தப் பெட்டி இங்கே வேண்டாம்" என்பார். சூப்பர்வைசர் "அதைத் தூக்கணும்னா மேலே இருக்கிற நாலையும் எடுக்கணும், சார்" என்பார். ஒரு கிரேன் மணிக்கு இருபத்தைந்து முப்பது பெட்டி நகர்த்தும். பேச்சு நீள நீள கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் ஆபீஸிலிருந்து போன் வரும். எல்லாம் ஏறின பிறகு, மூலைப் பூட்டுகள் விழுந்திருக்கிறதா, இரும்புக் கம்பிகளை முறுக்கி இறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் தார்ப்பாய் மூடிக் கயிறு இழுப்பதன் மாமன் மகன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கப்பல்காரர்கள் எங்களிடம் பாடம் படித்திருக்க வேண்டும்: எடை. கமிஷன் கடையில் ஒரு சிப்பம் எடை போடுவதற்குள், சாக்குக்கு எவ்வளவு கழிவு, ஈரத்துக்கு எவ்வளவு என்று விவசாயி, வியாபாரி, கணக்குப்பிள்ளை மூவரும் தொண்டை வறளப் பேசிவிடுவார்கள். உலகக் கப்பல் வாணிபமோ அறுபது வருஷம், வியாபாரி காகிதத்தில் எழுதிக் கொடுத்த எடையை அப்படியே நம்பியது! 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நாப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடைந்து, இங்கிலாந்துக் கரையோரம் தரைதட்டியது. தளத்தில் நனையாமல் கிடந்த பெட்டிகளை எடுத்து நிறுத்துப் பார்த்தால், ஐந்தில் ஒன்று சொன்ன எடைக்கு மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். கரையில் ஒதுங்கிய பெட்டிகளிலிருந்து பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்களை ஜனங்கள் உருட்டிக்கொண்டு போனது தனிக் கதை. வெள்ளிடை மன்றத்தின் சக்தி டெவன் கடற்கரைவரை எட்டவில்லை போலும். கடைசியில் 2016 ஜூலை 1 முதல், நிறுத்துப் பார்க்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்தது. இரண்டு வழி அனுமதி: நிரப்பிய பெட்டியை அப்படியே எடைமேடையில் நிறுத்துவது, அல்லது உள்ளே போகும் ஒவ்வொன்றையும் நிறுத்துக் கூட்டி அதோடு காலிப்பெட்டியின் எடையைச் சேர்ப்பது. இரண்டாவது வழியை எந்த நிபுணர் குழு கண்டுபிடித்ததோ தெரியாது. எங்கள் மார்க்கெட்டில் சாக்கோடு சேர்த்துச் சண்டையும் போட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இப்போது கேரளாவிலேயே விழிஞ்ஞத்தில் ஒரு துறைமுகம். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே மாதம் முறைப்படித் திறந்தார்கள். தூத்துக்குடிப் பெட்டிகள் கொழும்பு போய்ப் பெரிய கப்பல் மாறுகிற நெடுநாள் வழக்கத்தில் பங்கு கேட்கிற துறைமுகம். அங்கே முற்றத்துக் கிரேன்களில் ஆள் உட்காருவதில்லை. குளிரூட்டிய அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடி இயக்குகிறார்கள். அந்த நாற்காலிகளில் சுற்றுவட்டார மீனவக் குடும்பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். தலையில் மீன்கூடை சுமந்த வீட்டிலிருந்து வந்து, பெட்டி எங்கே இறங்குகிறதென்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். நோக்குகூலியை ஒழித்த மாநிலத்தில் அதற்கு வருங்கால வைப்பு நிதியும் பிடிக்கிறார்கள்.